காய்ச்சி வைத்த தப்பு: ஒலியை முன்கூட்டியே ஏற்றி ஒலிக்கவிடுவது எப்படி?

தலவாக்கலைக்குக் கீழே ஒரு தோட்டம். அங்குள்ள சமூக மண்டபத்தில் சனிக்கிழமை பின்னேரங்களில் பிள்ளைகளுக்கு ப்ரோகிராமிங் சொல்லிக் கொடுக்கிறேன். நாலு பழைய லேப்டாப் இருக்கின்றன. மற்றதெல்லாம் அவரவர் வீட்டுப் போன்தான். போன மாசியில், மன்மதன் கதையை ஆடும் காமன் கூத்து நடந்துகொண்டிருந்த நாட்களில், தரம் 10 படிக்கும் பையன் ஒருவன் தானே செய்த ஒரு வலைப்பக்கத்தைக் கொண்டுவந்து காட்டினான். திரையில் ஒரு பெரிய வட்டம். அதைத் தட்டினால் தப்பு என்ற பறை ஒலிக்க வேண்டும். அவனுடைய தாத்தா கூத்துக்குத் தப்படிப்பவர். அவரை அடிக்கச் சொல்லித்தான் ஒலியைப் பதிவு செய்திருந்தான்.

தட்டினான். ஒன்றும் கேட்கவில்லை. விரலை எடுத்த பிறகு "தம்" என்று வந்தது. வேகமாக நாலு முறை தட்டினால் தாளமே வேறாகிப் போனது. "போன் பழசு சேர், அதான் இழுக்குது" என்றான்.

எவ்வளவுதான் இழுக்கிறது என்று அளந்து பார்த்தோம். இன்னொரு போனில் அவன் தட்டுவதை வீடியோ எடுத்து, லேப்டாப்பில் பிரேம் பிரேமாக நகர்த்தினோம். விரல் கண்ணாடியைத் தொட்டதற்கும் ஒலி தொடங்கியதற்கும் இடையில் ஆறு பிரேம். செக்கனுக்கு 30 பிரேம் எடுக்கும் வீடியோவில் ஆறு பிரேம் என்றால் 200 மில்லிசெக்கன், அதாவது செக்கனில் ஐந்தில் ஒரு பங்கு. கேட்கச் சின்னதாகத் தெரியும். ஆனால் ஒலி காற்றில் செக்கனுக்கு ஏறத்தாழ 340 மீட்டர் போகும். 200 மில்லிசெக்கனில் 68 மீட்டர். கையில் இருக்கும் தப்பை யாரோ அடுத்த லயத்துக்கும், அதாவது அடுத்த வீட்டு வரிசைக்கும், அப்பால் நின்று அடிப்பதுபோல் அது கேட்டது. கூத்தில் ஆடுபவருக்கு இப்படி ஒரு தப்பு கிடைத்தால் கால் எங்கே விழும்?

அதே போனில் அவன் விளையாடும் கார் விளையாட்டில் ஒலி ஒட்டிக்கொண்டே வருகிறது. அப்படியென்றால் போன் மீது குற்றமில்லை. வேலை செய்ய வேண்டிய நேரத்தில் செய்யப்படவில்லை, அவ்வளவுதான்.

தட்டலுக்குள் ஒளிந்திருந்த நாலு வேலை

அவன் எழுதியிருந்தது ஒரே வரி: வட்டத்தைத் தட்டும்போது, தப்புக் கோப்பை வைத்துப் புதிய ஆடியோ ஒன்றை உருவாக்கி ஒலிக்கவிடு. ஒரு வரிதானே என்று தோன்றும். ஆனால் அந்த வரியைப் பிரித்துத் தமிழில் எழுதினால் இப்படி வரும்:

தட்டும்போது:
    கோப்பைத் தேடி எடு
    ரேமுக்குக் கொண்டுவா
    சுருக்கி வைத்ததை விரி
    ஒலிக்கவிடு

முதல் வேலை, கோப்பை எடுப்பது. முதல் தடவை தட்டும்போது அது டேட்டா வழியாக எங்கோ இருக்கும் சேர்வரிலிருந்து வர வேண்டும். பள்ளத்தாக்கில் சிக்னல் ஒரு கோடு, இரண்டு கோடு என்று ஆடும் இடத்தில் அதற்கு எவ்வளவு நேரம் எடுக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அடுத்த தடவைகளில் பிரவுசர் தன்னிடம் ஒரு நகல் வைத்திருக்கலாம். ஆனாலும் அதைத் திறந்து படித்தாக வேண்டும். இரண்டாவது வேலை, படித்ததை ரேமில், அதாவது கணினி வேலை செய்யும்போது பயன்படுத்தும் நினைவகத்தில், வைப்பது.

மூன்றாவது வேலையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் புதிதாக எழுதுபவர்கள் பெரும்பாலும் கவனிக்காமல் விடுவது அதைத்தான். மைக் முன்னால் காற்று அதிரும்போது, அந்த அதிர்வைக் கணினி செக்கனுக்கு 44,100 தடவை அளந்து, ஒவ்வொரு அளவையும் ஓர் எண்ணாகக் குறித்து வைக்கிறது. 1982இல் கடைக்கு வந்த ஆடியோ சீடியிலும் இதே கணக்குத்தான். ஓர் எண்ணுக்கு 2 பைட். இடது, வலது என்று இரண்டு பக்கம். ஆக, ஒரு செக்கன் ஒலிக்கு 176,400 பைட். ஒரு நிமிடத்துக்குப் பத்தரை மெகாபைட்.

இவ்வளவையும் டேட்டாவில் அனுப்பினால் ரீலோட் போட்டுக் கட்டுப்படியாகாது. அதனால்தான் எம்பி3 போன்ற வடிவங்கள், காது பெரிதாகக் கவனிக்காத விவரங்களைக் கழித்து ஒலியைச் சுருக்குகின்றன. 128 கிலோபிட் எம்பி3 என்றால் செக்கனுக்கு 16,000 பைட் போதும். பதினொன்றில் ஒரு பங்கு. ஆனால் ஸ்பீக்கருக்கு எம்பி3 தெரியாது. அதற்கு வேண்டியது செக்கனுக்கு 44,100 என்று வரிசையாக வரும் அந்தப் பழைய எண்கள்தான். சுருக்கியதை மறுபடி அந்த எண்களாக விரிக்கும் வேலை, பையனின் நிரலில் ஒவ்வொரு தட்டலுக்கும் புதிதாக நடந்துகொண்டிருந்தது. பத்துத் தட்டலுக்குப் பத்துத் தடவை, அதே கோப்பு, அதே எண்கள்.

இதை அவனுக்குச் சொல்ல நான் வேறெங்கும் போக வேண்டியிருக்கவில்லை. அவன் வீட்டிலேயே விளக்கம் இருந்தது. மலைக் குளிரிலும் பனியிலும் தப்பின் தோல் இளகிவிடும். இளகிய தோலில் அடித்தால் சத்தம் எழாது. கூத்து தொடங்குவதற்கு முன்பே ஓர் ஓரத்தில் காகிதமோ வைக்கோலோ போட்டு நெருப்பு மூட்டி, தப்பைக் காட்டிக் காட்டிச் சூடேற்றுவார்கள். விரலால் சுண்டிப் பார்ப்பார்கள். தோல் இறுகியதும் தோளில் மாட்டிக்கொண்டு நிற்பார்கள். மன்மதன் வந்து நின்ற பிறகு நெருப்புப்பெட்டி தேடுபவர் யாரும் இல்லை. "உன் நிரலில் ஒவ்வொரு அடிக்கும் முன்னால் தாத்தா நெருப்பு மூட்டிக்கொண்டிருக்கிறார்" என்றேன். சட்டென்று பிடித்துக்கொண்டான்.

முன்கூட்டியே ஏற்றுவது என்பது இந்தக் காய்ச்சி வைக்கும் வேலைதான். எடுப்பது, ரேமுக்குக் கொண்டுவருவது, விரிப்பது ஆகிய மூன்றையும் பக்கம் திறக்கும்போதே ஒரு தடவை செய்து முடித்துவிட வேண்டும். தட்டும்போது செய்ய ஒரே ஒரு வேலைதான் மிஞ்ச வேண்டும்:

தொடக்கத்தில்:
    கோப்பை எடு, ரேமுக்குக் கொண்டுவா, விரி
    கிடைத்த எண்களைத் "தப்பு" என்ற பெயரில் வைத்துக்கொள்

தட்டும்போது:
    "தப்பு" ஒலிக்கட்டும்

எந்த மொழியில் எழுதினாலும் இந்தப் பிரிவு இருக்கும். பிரவுசரில் வெப் ஆடியோ என்ற வசதி, விரித்த எண்களை ஆடியோ பஃபர் என்ற பெயரில் தரும். ஆண்ட்ராய்டில் சவுண்ட்பூல். பைதனில் விளையாட்டுகள் செய்ய உதவும் பைகேமைப் பயன்படுத்துபவர்களுக்கு மிக்சரின் உள்ளே சவுண்ட் என்று ஒன்று உண்டு. பெயர்தான் வேறு.

ஏற்றச் சொன்னால் ஏறிவிட்டதாகாது

அடுத்த வாரம் திருத்திக்கொண்டு வந்தான். இப்போது அடி உடனே விழுந்தது. ஆனால் பக்கம் திறந்தவுடன் தட்டினால் முதல் இரண்டு அடி ஊமையாகப் போனது. அவன் மறுபடி போனைத்தான் சந்தேகித்தான்.

விஷயம் இதுதான். "ஏற்று" என்று சொன்னால் கணினி "சரி" என்று உடனே திரும்பி வந்துவிடும். ஏற்றும் வேலை பின்னால் தனியாக நடந்துகொண்டிருக்கும். திரை உறைந்து நிற்காமலிருக்க இப்படித்தான் இருக்க வேண்டும். ஆண்ட்ராய்டின் சவுண்ட்பூலில் ஏற்றச் சொன்ன கையோடு ஓர் அடையாள எண் கிடைக்கும். எண் கையில் வந்துவிட்டதே என்று ஒலிக்கச் சொன்னால், பூஜ்ஜியம் என்று பதில் வரும், சத்தம் வராது. பிழைச் செய்தியும் பெரிதாகக் கண்ணில் படாது. புதியவர்கள் பலர் மணிக்கணக்காக முட்டிக்கொள்ளும் இடம் இது.

ஏற்றி முடிந்ததும் கணினியே தகவல் சொல்லும். அந்தத் தகவலுக்குக் காத்திருக்க வேண்டும். சவுண்ட்பூலில் அந்தத் தகவலைப் பெறவென்று ஒரு செவிமடுப்பான் (லிசனர்) வைக்கலாம். பிரவுசரில் விரித்து முடிந்ததும் பஃபர் கைக்கு வரும். அதுவரை வட்டத்தை மங்கலாக வைத்து, வந்த பிறகு சிவப்பாக்கு என்றேன். பையன் ஒரு படி மேலே போய், மங்கலாக இருக்கும் நேரத்தில் வட்டத்துக்குக் கீழே ஒரு சின்ன நெருப்புப் படம் வைத்தான். அந்த யோசனை எனக்கு மிகவும் பிடித்தது. காத்திருப்பவருக்கு ஏன் காத்திருக்கிறோம் என்று தெரிகிறது.

பிரவுசரில் இன்னொரு கதவும் உண்டு. பக்கங்கள் தாமாகவே சத்தம் போடுவதைத் தடுக்க, குரோம் 2018இல் ஒரு கட்டுப்பாடு கொண்டுவந்தது: பயனர் பக்கத்தை ஒரு தடவையாவது தொடும்வரை ஒலி இயந்திரம் உறங்கிக்கொண்டே இருக்கும். வேறு பிரவுசர்களிலும் இதே மாதிரி உண்டு. அதனால் "தொடங்கு" என்று ஒரு பொத்தான் வைத்து, அதைத் தொடும் இடத்தில் இயந்திரத்தை எழுப்பும் கட்டளையைக் கொடுப்பதுதான் நல்லது. கோப்பை எடுப்பதும் விரிப்பதும் அதற்கு முன்பே நடக்கலாம். அவற்றுக்குத் தடை இல்லை.

எதை ஏற்றுவது, எதை விடுவது

முறை கைவந்ததும் பிள்ளைகள் எல்லாவற்றையும் ஏற்றத் தொடங்கிவிட்டார்கள். ஒரு தங்கச்சி தன் விளையாட்டில் பின்னணிக்கு மூன்று நிமிடப் பாட்டு ஒன்றையும் விரித்து ரேமில் வைத்தாள். கோப்பு மூன்று மெகாபைட்தான், அதனால் என்ன என்பது அவள் கணக்கு.

கோப்பின் அளவை வைத்துக் கணக்குப் போடக்கூடாது. விரித்த பிறகு வரும் அளவை வைத்துத்தான் போட வேண்டும். 176,400ஐ 180 செக்கனால் பெருக்கினால் கிட்டத்தட்ட 32 மெகாபைட். பிரவுசரில் இன்னும் கூடும். அங்கே ஓர் எண்ணுக்கு 2 பைட் அல்ல, 4 பைட். செக்கனுக்கு 48,000 எண் என்று ஓடும் போனில் அதே பாட்டு 69 மெகாபைட் பிடிக்கும். இப்படி ஐந்து பாட்டு வைத்தால் பழைய போன் பக்கத்தையே மூடிவிடலாம். ரேம் என்பது லயத்தில் ஒரு குடும்பம் இருக்கும் காம்பரா, அதாவது அறை, மாதிரி. அளவான இடம். எந்நேரமும் கைக்குத் தேவையானது மட்டும்தான் உள்ளே இருக்க வேண்டும்.

நீண்ட ஒலிக்கு வேறு வழி உண்டு: ஒலித்துக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து விரிப்பது. ஸ்ட்ரீமிங் என்று சொல்வார்கள். குடத்தில் பிடித்து வைத்த தண்ணீருக்கும் ஓயாமல் விழும் பீலித் தண்ணீருக்கும் உள்ள வித்தியாசம்தான். சமையலுக்கு நடுவில் ஒரு சொம்பு வேண்டுமென்றால் குடத்தில் இருக்க வேண்டும், பீலிக்கு ஓட முடியாது. குளிப்பதற்குக் குடம் குடமாகச் சேர்த்து வைக்கத் தேவையில்லை. பீலிக்குக் கீழே போய் நின்றால் போதும்.

பைகேமில் இந்த இரண்டுக்கும் இரண்டு பெயர்: முழுவதும் ஏற்றி வைக்க சவுண்ட், ஓட ஓட எடுக்க மியூசிக். ஆண்ட்ராய்டில் சவுண்ட்பூல் ஒரு பக்கம், மீடியாப்ளேயர் மறுபக்கம். சவுண்ட்பூல் ஓர் ஒலிக்கு விரித்த நிலையில் ஒரு மெகாபைட்டுக்கு மேல் இடம் கொடுக்காது. 44,100 கணக்கில், இரண்டு பக்க ஒலியில், ஏறத்தாழ 5.6 செக்கன். மிச்சத்தை வெட்டிவிடும். அடி, மணி, கைதட்டல் போன்றவற்றுக்கு அது தாராளம்.

ஸ்ட்ரீமிங்கில் பாட்டு இணையத்திலிருந்து வருகிறதென்றால் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். ஹட்டனிலிருந்து கொட்டகலைக்கு ரயிலில் போகும்போது சிங்கமலைச் சுரங்கம் வரும். உள்ளே போனதும் சிக்னல் போய்விடும். பாட்டு உடனே நிற்காது. முன்கூட்டி எடுத்து வைத்த சில செக்கன்கள் ஓடும், அப்புறம் நிற்கும். முழுவதும் ஏற்றி வைத்த தப்பு சுரங்கத்துக்குள்ளும் அடிக்கும்.

நடுத்தர நீளமுள்ளவற்றை என்ன செய்வது என்று கேட்பார்கள். என் அனுபவத்தில், பத்து செக்கனுக்குக் குறைவாகவும் தட்டியவுடன் கேட்க வேண்டியதாகவும் இருந்தால் ஏற்றி வைக்கலாம். மற்றதை ஓடவிடலாம். இடம் மிச்சம் பிடிக்க இன்னொரு எளிய வழி, ஒரு பக்க ஒலியாகப் பதிவு செய்வது. போனின் ஒற்றை ஸ்பீக்கரில் தப்புக்கு இடது வலது தேவைப்படாது. பாதி ரேம் மிச்சம். அந்தத் திரையை விட்டுப் போகும்போது ஏற்றியதை இறக்கிவிடவும் மறக்கக்கூடாது.

ஒரு தப்பு, பல அடி

பையன் அடுத்து முட்டிக்கொண்டது இங்கேதான். ஒரு தட்டலில் நன்றாக ஒலித்தது. வேகமாக உருட்டி அடித்தால், முந்தைய அடியின் கடைசி அதிர்வு சட்சட்டென்று அறுந்தது. உண்மையான தப்பில் அப்படி ஆகாது. ஓர் அடியின் நாதம் அடங்குவதற்குள் அடுத்தது விழும், இரண்டும் கலந்து கேட்கும். உருட்டல் என்பதே அந்தக் கலப்புத்தான்.

காரணம், அவன் ஒரே ஒலிப்பானை வைத்து, ஒவ்வொரு தட்டலுக்கும் அதை முதலிலிருந்து ஆரம்பித்துக்கொண்டிருந்தான். ஓர் ஒலிப்பானால் ஒரு நேரத்தில் ஓர் இடத்தில்தான் இருக்க முடியும்.

வெப் ஆடியோவில் இதற்கு அழகான ஏற்பாடு உண்டு. பஃபர் வேறு, அதை ஒலிக்கவிடும் மூலம் வேறு. பஃபர் என்பது தப்பு. மூலம் என்பது ஓர் அடி. தப்பு ஒன்றுதான், ஒரு தடவை ஏற்றினால் போதும். ஒவ்வொரு தட்டலுக்கும் புதிய மூலம் ஒன்றை உருவாக்கி, அதனிடம் அந்தப் பஃபரைக் காட்டி, ஒலிக்கச் சொல்ல வேண்டும். அடித்த அடியை மறுபடி அடிக்க முடியாது. அதேபோல் ஒரு தடவை தொடங்கிய மூலத்தை இரண்டாவது தடவை தொடங்கச் சொன்னால் பிழை வரும். ஒவ்வொரு தட்டலுக்கும் புதிதாக உருவாக்கினால் வேகம் குறையாதா என்று ஒரு பிள்ளை கேட்டது. குறையாது. மூலம் மிக இலேசானது. பாரமான எண்கள் எல்லாம் பஃபரில்தான் இருக்கின்றன, அவை நகல் எடுக்கப்படுவதில்லை.

பைகேமில் இதே வேலையைச் சேனல்கள் செய்யும். வழக்கமாக எட்டுச் சேனல். எட்டிலும் ஒலி ஓடிக்கொண்டிருக்கும்போது ஒன்பதாவது அடி வந்தால் அது கேட்காமலே போகும். தேவைப்பட்டால் எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்ளலாம். சவுண்ட்பூலிலும் எத்தனை ஒலி ஒரே நேரத்தில் ஓடலாம் என்று ஆரம்பத்திலேயே சொல்ல வேண்டும்.

தாளத்தைக் கணினியே அடிக்க வேண்டுமென்றால், ஒவ்வொரு அடிக்கும் சாதாரண டைமரை நம்பக்கூடாது. திரையில் வேறு வேலை வந்தால் டைமர் பிந்தும். வெப் ஆடியோவில் ஒலிக்கென்றே தனிக் கடிகாரம் ஓடுகிறது. "இந்தக் கடிகாரத்தில் இத்தனையாவது செக்கனில் ஒலி" என்று அடுத்த சில அடிகளை முன்கூட்டியே சொல்லிவிட்டால் அது பிசகாது.

கடைசிச் சில மில்லிசெக்கன்கள்

எல்லாம் செய்த பிறகும் கொஞ்சம் தாமதம் இருக்கும். ஸ்பீக்கருக்கு எண்கள் ஒவ்வொன்றாகப் போவதில்லை. தேயிலைக் கொழுந்துக் கூடை நிரம்பியதும் நிறுக்கும் மடுவத்துக்குக் கொண்டுபோவதுபோல, ஒரு கூடை நிரம்பிய பிறகுதான் போகும். அந்தக் கூடையையும் பஃபர் என்றே சொல்வார்கள். 4,096 எண்கள் பிடிக்கும் கூடை என்றால் 93 மில்லிசெக்கன். 512 பிடிக்கும் கூடை என்றால் 12 மில்லிசெக்கனுக்கும் குறைவு. கூடையைச் சிறிதாக்கினால் ஒலி சீக்கிரம் வரும். மிகவும் சிறிதாக்கினால் கணினியால் நிரப்பிக் கொடுக்க முடியாமல் கரகரவென்று வெடிக்கும். புளூடூத் ஸ்பீக்கர் மாட்டினால் அதுவே நூறு மில்லிசெக்கனுக்கு மேல் சேர்த்துவிடலாம். தப்புப் பக்கத்தைச் சோதிக்கும்போது புளூடூத்தை அணைத்துவிட்டுச் சோதியுங்கள்.

பையன் இரண்டாவது வட்டம் ஒன்றும் வைத்தான்: ஒன்று தடித்த குச்சிக்கு, ஒன்று மெல்லிய குச்சிக்கு. இரண்டும் ஏற்றியாயிற்று, இரண்டுக்கும் ஒரே நிரல். தாத்தாவை மண்டபத்துக்குக் கூட்டிவந்தான். அவர் போனை மடியில் வைத்து, இரண்டு விரலால் கொஞ்ச நேரம் தட்டினார். "மாஸ்டர், சின்னக் குச்சி பிந்தி விழுது" என்றார்.

எனக்கு வித்தியாசமே கேட்கவில்லை. ஆனால் அவர் காதை நம்பி இரண்டு கோப்புகளையும் லேப்டாப்பில் அலைவடிவமாகத் திறந்து பார்த்தோம். தடித்த குச்சியின் ஒலியில் கோடு உடனே எழுந்தது. மெல்லிய குச்சியினதில், பதிவுப் பொத்தானை அழுத்தியதற்கும் அடி விழுந்ததற்கும் இடையில் 40 மில்லிசெக்கன் நேர்க்கோடு. அந்த மௌனத்தையும் சேர்த்துத்தான் நாங்கள் கவனமாக ஏற்றி, கவனமாக விரித்து, உடனுக்குடன் ஒலிக்கவிட்டுக்கொண்டிருந்தோம். எம்பி3 ஆகச் சுருக்கும்போதும் தொடக்கத்தில் கொஞ்சம் மௌனம் சேர்வதுண்டு. அதனால் முன்பகுதியை வெட்டி, இரண்டையும் சுருக்காத வேவ் கோப்பாகவே சேமித்தோம். அரைச் செக்கனுக்குச் சற்றுக் கூடிய ஒற்றைப் பக்க ஒலி, ஐம்பது கிலோபைட் சொச்சம். அந்த அளவுக்குச் சுருக்க வேண்டிய அவசியமே இல்லை.

மறுபடி போனை வாங்கித் தட்டிப் பார்த்தார். நேரம் சரி என்று தலையாட்டினார். ஆனால் சத்தம் திருப்தியில்லை. "அன்னைக்குப் பனி. தப்பு சரியா காயல" என்றார். அடுத்த சனிக்கிழமை மண்டபத்துக்குப் பின்னால் நெருப்பு மூட்டி, தோல் இறுகும்வரை காய்ச்சி, மறுபடி பதிவு செய்தோம். பழைய கோப்புகள் இருந்த இடத்தில் அதே பெயரில் புதியவற்றை வைத்தான். நிரலில் ஒரு வரியும் தொடவில்லை.